உதய்பூர் சில்ப்கிராம் சந்தை: முடிச்சை அவிழ்த்துக் காட்டுகிறவரிடம் வாங்குங்கள்

டிசம்பர் கடைசியில் உதய்பூருக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு, அரண்மனையில் புகைப்படம் என்று பொழுதை முடித்துவிடாமல், ஒரு முழுப் பகலைச் சில்ப்கிராமுக்கு ஒதுக்க வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 21 முதல் 30 வரை அங்கே நடக்கும் கைவினைத் திருவிழாவை, நான் பார்த்த துணிச் சந்தைகளில் முதலிடத்தில் வைப்பேன். மதுரையில் சுங்குடி விற்கும் சௌராஷ்டிரக் குடும்பம் எங்களுடையது. கோடைக்காலத்தில் கொடைக்கானலில் கடை போட்டுப் பழகியவள் நான். வாங்க வருகிறவர் எதைப் பார்ப்பார், விற்க உட்கார்ந்தவர் எதை நினைப்பார் என்பது இரண்டும் ஓரளவு தெரியும்.

ஃபதே சாகர் ஏரியைத் தாண்டி, ஹவாலா கிராமத்தை ஒட்டி, ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது சில்ப்கிராம். மேற்கு மண்டலப் பண்பாட்டு மையம் உருவாக்கிய இந்த இடம் 1989இல் திறக்கப்பட்டது. ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரம், கோவா ஆகிய மாநிலங்களின் கிராம வீடுகளை அந்தந்த ஊர் முறையிலேயே மண்ணாலும் மரத்தாலும் கட்டி வைத்திருக்கிறார்கள். திருவிழா நாட்களில் அந்த வீடுகளுக்கு நடுவே போகும் பாதைகளெல்லாம் கடைகளாகிவிடுகின்றன. மாலையில் திறந்தவெளி அரங்கில் ஆட்டமும் பாட்டும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. என் கவனம் முழுவதும் துணியில்தான் இருந்தது.

போவதானால் முற்பகலில் போங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் ஊரே அங்கு வந்துவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குஜராத்திலிருந்து குடும்பம் குடும்பமாக உதய்பூருக்கு வருவார்கள். அந்த நெரிசலில் கடைக்காரர் விலையைச் சொல்ல முடியும், வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. காலையில் அவர் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பார். குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அப்போது கேட்டால் எல்லாம் சொல்வார்.

நான் முதலில் தேடிப் போனது பாந்தினி கடைகளைத்தான். காரணம் சொல்லத் தேவையில்லை. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து சேர்ந்த எங்கள் மக்கள் கையோடு கொண்டுவந்த தொழிலுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். துணியைச் சிறு சிறு குமிழாகக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிச் சாயத்தில் போட்டால், கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து வந்திருந்த ஒருவரின் கடையில் சேலைகள் கசங்கிய கயிறு போலச் சுருண்டு கிடந்தன. பார்த்தவுடனே மனம் துள்ளியது. முடிச்சை அவிழ்க்காமலேயே விற்பதுதான் இது கைவேலை என்பதற்குச் சான்று.

“பாய், திறந்து காட்டுங்கள்” என்றேன்.

“திறந்தால் நீங்கள் வாங்கித்தான் ஆக வேண்டும் பென்” என்று சிரித்தார். பென் என்றால் சகோதரி.

பிறகு அவரும் அவருடைய தம்பியும் ஆளுக்கொரு முனையைக் குறுக்காகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். நூல் சுற்றுகள் படபடவென்று தெறித்தன. மெரூன் நிறத்தில் மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாகக் கண் திறந்தன. வீட்டுப் பெண்கள் கட்டிய முடிச்சுகள் அவை. அங்கே முடிச்சை நான்கு நான்காக எண்ணித்தான் கூலி கொடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு எத்தனை மாதம் ஆகும் என்பது புள்ளி எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. நான் வாங்கிய பருத்திச் சேலை 4,200 ரூபாய். வேலையைப் பார்த்தால் அது குறைந்த விலை என்றே சொல்வேன்.

அசலைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கையால் கட்டிய புள்ளி முழு வட்டமாக இருக்காது, ஒவ்வொன்றும் கொஞ்சம் சதுரமாகவோ கோணலாகவோ இருக்கும். அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்குச் சாயம் ஏறியிருக்கும். கிள்ளிய நுனி அது. துணியைத் தொட்டால் மேடு பள்ளம் தெரியும். எல்லாப் புள்ளியும் அச்சு வார்த்தது போல் ஒரே அளவில் இருந்து, துணியும் தட்டையாக இருந்து, பின்புறம் வெளிறியும் கிடந்தால் அது அச்சடித்த துணி. அதை விற்பது குற்றமில்லை, 500 ரூபாய்க்கு விற்றால். உதய்பூர் பழைய நகரக் கடைத்தெருவில் ஒரு கடையில் அப்படிப்பட்ட துணியைக் கைக்கட்டு என்று சத்தியம் செய்து 3,000 ரூபாய் கேட்டார்கள். எனக்குக் கோபம் அடங்க வெகுநேரமாயிற்று. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை கட்டியவை அல்ல, அச்சடித்தவை. கட்டத் தெரிந்த கைகள் வீட்டில் சும்மா இருக்கின்றன. அதனால்தான் இந்த விஷயத்தில் என்னால் பொறுத்துப்போக முடிவதில்லை.

அடுத்தது அஜ்ரக், அச்சுக்கட்டையால் ஒற்றிச் சாயம் ஏற்றும் கச்சுத் துணி. 2001 நிலநடுக்கத்துக்குப் பின் கச்சின் தமட்கா கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்த கத்ரி சமூகச் சாயக்காரர்கள் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புது ஊரை எழுப்பினார்கள். அங்கிருந்து வந்த முதியவர் ஒருவர் ஒரு துணியின் கதையைப் படிப்படியாகத் துண்டுத் துண்டாக ஒட்டி வைத்திருந்தார். துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைக்கிறார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பும் பிசினும் கலந்து அச்சுக்கட்டையால் ஒற்றுகிறார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு வாரக்கணக்கில் ஊறவைத்து, புளியங்கொட்டை மாவில் குழைத்தால் கறுப்பு வருகிறது. சிவப்பு நிற்க வேண்டிய இடத்தில் படிகாரம். பிறகு அவுரித் தொட்டியில் முக்கி எடுத்து, அலசி, கடைசியில் மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் கொதிக்க வைக்கிறார்கள். கடுக்காய், வெல்லம், புளியங்கொட்டை, சுண்ணாம்பு என்று நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் பக்கத்திலேயே இருக்கும் பொருட்களிலிருந்து அந்த நீலமும் சிவப்பும் வருகின்றன என்று கேட்டுக்கொண்டு நிற்பதே பெரிய நிறைவு.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து, நீலம் ஒட்டினால் போலி என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. அசல் அவுரி தொடக்கத்தில் கொஞ்சம் ஒட்டவே செய்யும், சில சலவையில் நின்றுவிடும். அதைவிடத் துணியின் பின்புறத்தைப் பாருங்கள். அச்சுக்கட்டை ஒன்றோடொன்று சேரும் மூலைகளைப் பாருங்கள். ஒரு நூலிழை விலகியிருந்தால் சந்தோஷப்படுங்கள், கையால் ஒற்றியதன் அடையாளம் அது.

விற்பவர் பக்கமும் சொல்ல வேண்டும். பத்து நாள் கடையில் பெரிய சேலைகள் நாளுக்கு ஒன்றோ இரண்டோதான் போகும். சாப்பாட்டுக்கும் வண்டிக் கூலிக்கும் காசு தருவது 300, 400 ரூபாய் துண்டுகளும் கைக்குட்டைகளும் பைகளும்தான். அஜ்ரக்பூர் முதியவரும் இதையேதான் சொன்னார், கொடைக்கானலில் எங்களுக்கும் அதே கதைதான். அதனால் சின்னப் பொருள் வாங்கினால் கடைக்காரர் மதிக்கமாட்டார் என்று தயங்க வேண்டாம். ஆனால் சின்னப் பொருளுக்குப் பாதி விலை கேட்காதீர்கள். காலைப் போணி நேரத்தில் கேட்கவே கேட்காதீர்கள். முதல் விற்பனையைத் தட்டிக்கழிக்க மனம் வராமல் அவர் நட்டத்துக்கும் கொடுத்துவிடுவார், அன்று முழுதும் அது அவர் மனதில் உறுத்தும். செய்தவரே உட்கார்ந்திருக்கும் கடையில், இரண்டு மூன்று பொருள் சேர்த்து எடுத்து “பார்த்துப் போடுங்கள்” என்றால் போதும். அவராகவே குறைப்பார்.

செய்தவரா, வாங்கி விற்பவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேளுங்கள். செய்தவர் உடனே கைகளை அசைத்துக் காட்டத் தொடங்கிவிடுவார். கைவினைஞர்களுக்கு மத்திய ஜவுளித்துறை தரும் அடையாள அட்டை இருக்கிறது. பலர் கேட்காமலேயே எடுத்துக் காட்டுகிறார்கள்.

சித்தோர்கர் பக்கத்து அகோலா கிராமத்தின் டாபு துணியும் எனக்குப் பிடித்தது. களிமண்ணும் சுண்ணாம்பும் பிசினும் பூச்சி தின்ற கோதுமை மாவும் குழைத்து ஒற்றி, மரத்தூளைத் தூவிக் காயவைத்து, அவுரியில் முக்குவார்கள். மண் வெடித்த இடத்தில் நீலம் இறங்கி நரம்பு ஓடும். ஒரு துப்பட்டா 650 ரூபாய். குர்தாவுக்கென்று மீட்டர் கணக்கிலும் கொடுக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இதைவிட ஏற்ற துணி அங்கே இல்லை.

துணி அல்லாதவற்றில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸி கிராமத்துக் காவட், கதவுக்குள் கதவாகத் திறக்கும் மரப்பெட்டி. ஒவ்வொரு கதவிலும் கதையின் ஒரு காட்சி. கோயிலுக்குப் போக முடியாதவர்களின் வாசலுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதை சொல்வது ராஜஸ்தானில் ஒரு குலத்தொழில். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு உள்ளங்கை அளவுப் பெட்டி போதும். மற்றொன்று, நாத்வாராவுக்கு அருகிலுள்ள மோலேலாவின் சுடுமண் பலகைகள். தேவநாராயணரும் மற்ற தெய்வங்களும் பலகையிலிருந்து புடைத்து நிற்பார்கள். பில், கராசியா பழங்குடி மக்கள் தொலைதூரத்திலிருந்து நடந்து வந்து, குயவரிடம் இவற்றை வாங்கிப்போய்த் தங்கள் கோயில்களில் வைக்கிறார்கள். அய்யனாருக்குக் குதிரை செய்து கொடுக்கும் நம் வேளாருக்கும் இவர்களுக்கும் நிறையப் பேச இருக்கும். மண்ணில் கழுதைச் சாணம் கலப்பதால் பலகை சுடும்போது வெடிப்பதில்லை, ஆனால் ரயிலில் கொண்டுவரும்போது உடையும். அதனால் பெரியதை ஆசையோடு பார்த்துவிட்டு, ஒரு சாண் நீளப் பலகையை மட்டும் வாங்கிச் சேலைக்குள் சுற்றிக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மக்காச்சோள டோக்ளா சாப்பிடுங்கள். ஆவியில் வெந்தது, மேலே எண்ணெய் ஊற்றித் தருவார்கள். கூடவே சூடான ராப் கூழ். அந்தக் குளிருக்கு அதுதான் சரி.

வழி சொல்கிறேன். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் அகமதாபாத். அங்கே அசார்வா நிலையத்துக்கு மாற வேண்டும். 2022 அக்டோபரில் அகலப்பாதை திறந்தபின் அங்கிருந்து உதய்பூருக்கு நேராக ரயில் போகிறது. திருவிழாவின் முதல் மூன்று நாட்களுக்குள் போய்விடுங்கள். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க அறை வாடகை ஏறும், நல்ல துணிகளும் கைமாறிப் போயிருக்கும். கடைசி நாளில் மலிவாகக் கிடைக்குமே என்று காத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது யாரும் எடுக்காத நிறங்கள்தான். பெரும்பாலான கடைகளில் கைப்பேசியில் பணம் செலுத்தலாம். ஆனாலும் மாலைக் கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் போவதுண்டு. இரண்டாயிரம் ரூபாயாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.