அடிமை ஒழிப்பா, அடிமைமுறை ஒழிப்பா?

கொசு ஒழிப்பு என்றால் கொசுவைக் கொல்வது. அப்படியானால் அடிமை ஒழிப்பு? பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றித் தமிழில் படிக்கும்போது என்னை முதலில் இடறுவது இந்தச் சொல்தான். ஒழிந்தது முறை, மனிதர்கள் அல்லவே! ‘அடிமைமுறை ஒழிப்பு’ என்று எழுதினால் இரண்டே எழுத்துதான் கூடுதல்.

இதைவிடப் பெரிய குழப்பம், ஒழிப்பையும் விடுதலையையும் ஒன்றாக்குவது. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஜனவரி 1 அன்று அதிபர் லிங்கன் வெளியிட்டது விடுதலைப் பிரகடனம். அது கிளர்ச்சியில் இருந்த தென்பகுதிகளுக்கு மட்டுமே. அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தோடு, அதாவது லிங்கனின் அரசோடு, நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவேர் மாநிலங்களை அது தொடவே இல்லை. நாடு முழுவதும் ஒழித்தது 1865 டிசம்பரில் நிறைவேறிய 13-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ‘லிங்கன் 1863-இல் அடிமைமுறையை ஒழித்தார்’ என்ற வரியைக் கண்டால் என் கை பென்சிலைத் தேடும்.

விடுதலையிலும் இரண்டு வகை உண்டு. அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அடிமைமுறைக்கு எதிராகப் பேசிப் புகழ்பெற்ற ஃபிரெடெரிக் டக்ளஸ் 1838-இல் மாலுமி உடையில் பால்டிமோரில் ரயிலேறித் தப்பினார். ஆனாலும் சட்டப்படி அவர் இன்னொருவரின் சொத்து. 1846-இல் பிரிட்டனில் இருந்த நண்பர்கள் 150 பவுண்டு திரட்டி உடைமையாளருக்குக் கொடுத்த பிறகே அவருக்கு விடுவிப்புப் பத்திரம் கிடைத்தது. இப்படி உடைமையாளர் ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதை ‘விடுவிப்பு’ என்றும், அரசு பலருக்கும் சேர்த்து அறிவிப்பதை ‘விடுதலை’ என்றும் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

தப்பினாரா, ஓடிப்போனாரா? ‘ஓடிப்போனவர்’ என்றாலே தமிழில் பழி ஒட்டிக்கொள்ளும். கடனோ காதலோ என்று கேட்பார்கள். எனக்குத் ‘தப்பியவர்’தான். தப்பியவர்களைப் பிடித்து உடைமையாளரிடம் ஒப்படைக்க 1850-இல் வந்த சட்டத்தை மட்டும் ‘ஓடிப்போன அடிமைகள் சட்டம்’ என்றே விடலாம். உடைமையாளர்களுக்காக எழுதிய சட்டம்; அவர்கள் பேச்சு அதில் இருக்கட்டும்.

‘அடிமை’ என்பதற்குப் பதிலாக ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ நியாயமான சொல், ஆனால் வரிக்கு வரி வந்தால் மூச்சு முட்டும். பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லிவிடலாம்.

கடைசியாக, ஆங்கிலத்தில் ‘Underground Railroad’ என்பதற்குத் தமிழில் வரும் ‘சுரங்க ரயில்பாதை’. சுரங்கமும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. தப்பி வந்தவர்களை வீடு வீடாக ஒளித்து வடக்கே சேர்த்த ரகசிய வலைப்பின்னல் அது. ஒளிந்த வீடு ‘நிலையம்’; ஹாரியட் டப்மன் போன்ற வழிகாட்டிகள் ‘நடத்துநர்கள்’. சுரங்கம் என்றால் மெட்ரோதான் கண்ணில் வருகிறது. என் ஓட்டு ‘தலைமறைவு ரயில்பாதை’க்கு.