குழந்தைகளுக்கான படிக்கட்டு கேட்: நம்ம ஊர் வீட்டில் எங்கே நிற்கும், எங்கே நிற்காது

சுவரில் துளை போட வேண்டாம், நாலு போல்ட்டை முறுக்கினால் போதும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தக் குழந்தைகள் கேட்டைப் பற்றிய மதிப்புரை இது. பவுடர் கோட்டிங் அடித்த இரும்புக் குழாய், ஏறத்தாழ 76 செ.மீ. உயரம், பெரியவர்கள் ஒரு கையால் திறக்கும் இரட்டைப் பூட்டு, விட்டால் தானே சாத்திக்கொள்ளும் கதவு. பிராண்ட் மாறினாலும் அமைப்பு மாறுவதில்லை. விலை பெரும்பாலும் 2,500 முதல் 4,000 ரூபாய்க்குள். தரைத்தள வாடகை வீட்டிலிருந்து மாடி வைத்த புது வீட்டுக்குக் குடிவரும் குடும்பங்கள்தான் இதைத் தேடுகிறார்கள். தவழ்கிற பிள்ளை படியைக் கண்டதும் ஏறிவிடும். இறங்கத் தெரியாது. ஆபத்து அங்கேதான்.

அடுக்களை வாசலுக்கும் படுக்கையறை வாசலுக்கும் இது நல்ல பொருள். படியின் அடியில் மாட்டப் பரவாயில்லை. படியின் உச்சியில் மாட்டவே கூடாது. கூடவே வரும் தாளிலேயே இதை அச்சடித்திருப்பார்கள். பெட்டியைப் பிரிக்கிற அவசரத்தில் அந்தத் தாள் குப்பைக்குப் போய்விடுகிறது.

உச்சியில் கூடாது என்பதற்கு இரண்டு காரணம். இந்த கேட்டின் சட்டம் ‘ப’ வடிவத்தில் இருக்கும். அடிக்குழாய் கதவுக்குக் கீழே தரையோடு குறுக்கே ஓடும். உயரம் இரண்டு மூன்று செ.மீ. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கும்போது அதில் கால் தடுக்கினால், பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. இரண்டாவது காரணம், கேட் நிற்பது வெறும் அழுத்தத்தில். ஒரு பக்கம் தளர்ந்துவிட்டால், சாய்கிற பிள்ளையோடு சேர்ந்து அதுவும் போகும். உச்சிக்கு வேண்டியது சுவரில் திருகாணியால் பிடித்த, அடிக்குழாய் இல்லாத, படிப் பக்கம் திறக்காத கதவு. அதைப் பற்றிப் பிறகு.

வாங்குவதற்கு முன்னால் அளவெடுக்க வேண்டும். நம் கன்னியாகுமரிப் பக்கத்தில் படுக்கையறை நிலை வெளி அளவு 3 அடி என்றால், கட்டை கழித்து உள்ளே ஏறத்தாழ 75 முதல் 79 செ.மீ. வரும். 75–84 செ.மீ. என்று போட்டிருக்கும் கேட் அதில் உட்காரலாம்; ஆனால் 75-ஐ ஒட்டி வந்தால் போல்ட்டை முறுக்க இடமிருக்காது. இரண்டரை அடி பாத்ரூம் நிலைக்கு இது நுழையவே நுழையாது. தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரு தடவை, 70 செ.மீ. உயரத்தில் ஒரு தடவை அளந்து, குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடினால் 7, 14, 28 செ.மீ. நீட்டிப்புத் துண்டுகள் தனியாகக் கிடைக்கும். துண்டு சேரச் சேரப் பிடிப்பு குறையும். மூன்றாவது துண்டு தேவைப்பட்டால் அந்த இடத்துக்கு இந்த கேட் பொருந்தவில்லை என்று விட்டுவிடுவது நல்லது.

நம் வீடுகளில் இந்த கேட் தகராறு செய்வது முக்கியமாக ஸ்கர்ட்டிங் டைலால். தரையை ஒட்டி 4 அங்குலத்துக்கு ஒட்டிய டைல், சுவரைவிட ஒரு செ.மீ. வரை துருத்திக்கொண்டு நிற்கும். கீழ் போல்ட் டைலில் முட்டும், மேல் போல்ட் சுவரில் முட்டும். மேலே அதிகம் நீட்ட வேண்டியிருப்பதால் கேட் கோணலாக நிற்கும். கதவு பூட்டோடு சேராது. டைல் துருத்தியிருக்கிற அளவுக்கே தடிமனுள்ள பிளைவுட் துண்டை, 10 செ.மீ. சதுரமாக வெட்டி, மேல் போல்ட் வரும் இடத்தில் சுவரோடு திருகிவிட்டால் இரண்டு மட்டமும் ஒன்றாகும். மழைக்காலத்தில் பிரியாமல் இருக்க ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். அட்டையை மடித்துச் செருகுவது பலரும் செய்வது. நாலு நாளில் நசுங்கி அழுத்தம் போய்விடும்.

புது வீட்டில் சுவரும் ஒரு பிரச்சினை. பூச்சுக்கு மேல் பட்டி (புட்டி), அதற்கு மேல் பெயின்ட். போல்ட் முனையிலுள்ள ரப்பர் அடி அழுத்துகிற இடத்தில் பட்டி குழிந்து, பொடிப் பொடியாக உதிரும். மேலே சொன்ன பிளைவுட் துண்டு இங்கேயும் உதவும், ஏனென்றால் ஒரே புள்ளியில் விழுகிற அழுத்தத்தை அது பரப்பிவிடுகிறது. மர நிலையில் மாட்டினால் இந்தத் தொல்லை கிடையாது. தேக்கோ அயினியோ, எந்த நிலையும் தாங்கும். பாலிஷில் வட்டத் தடம் விழுந்தால் பெரிதாக நினைக்க வேண்டாம்.

பெட்டியில் நாலு சிறு பிளாஸ்டிக் கிண்ணங்கள் இருக்கும். ரப்பர் அடி அந்தக் கிண்ணத்துக்குள் உட்கார வேண்டும். கிண்ணத்தைத் திருகாணியாலோ பசையாலோ ஒட்ட வேண்டும். “துளை போட வேண்டாம் என்றுதானே வாங்கினோம்” என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய தவறு. அமெரிக்காவில் 2021 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இந்த வகை கேட்டை ஐந்து இடங்களில் தள்ளிப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் 30 பவுண்ட், அதாவது 13.6 கிலோ அழுத்தத்துக்கு அது நழுவக் கூடாது. அந்தப் பிடிப்பைத் தருவது பெரும்பாலும் இந்தக் கிண்ணங்கள்தான். வாடகை வீட்டில் வீட்டுக்காரர் துளைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இரட்டைப் பக்கப் பசை வைத்தாவது ஒட்டுங்கள்.

இனி மாட்டும் முறை. சட்டத்தைப் பிரித்து நிறுத்தியதும் கதவுக்கும் பூட்டுக் கொண்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரியும். “வளைந்துபோன பீஸ் வந்துவிட்டது” என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். அது வளைந்ததல்ல. போல்ட்டை முறுக்கி அழுத்தம் ஏறும்போது சட்டத்தின் இரண்டு கைகளும் உள்ளே வந்து அந்த இடைவெளி மூடும். அதற்காகவே விரித்துச் செய்திருக்கிறார்கள். நாலு போல்ட்டையும் உள்ளே தள்ளி, வாசலின் நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கீழ் இரண்டையும் கையால் முறுக்குங்கள். பிறகு மேல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. கொண்டி ‘டக்’ என்று விழுந்தால் நிறுத்திவிட்டு, பூட்டு நட்டை ஸ்பேனரால் இறுக்குங்கள். அதற்கு மேலும் முறுக்கினால் கதவு கொண்டியில் உரசும், பிறகு தானாகச் சாத்தாது. மேல் மூலைகள் இரண்டையும் இரு கையாலும் பிடித்து, உடல் பாரத்தோடு தள்ளிப் பாருங்கள். அசைந்தால் பிள்ளையை விடாதீர்கள்.

தானே சாத்திக்கொள்ளும் கதவு, சட்டம் செங்குத்தாக இருந்தால்தான் சாத்தும். தண்ணீர் மட்டம் (ரசமட்டம்) வைத்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. கதவு சாத்தியது என்பதும் பூட்டியது என்பதும் வேறு வேறு. சத்தம் கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும், வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும் மர நிலை ஈரத்தில் உப்பும். பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து சுருங்கும். மழைக்காலத்தில் இறுக்கிய கேட் கோடையில் தளர்வது இதனால்தான். முதல் மாதம் வாரம் ஒரு தடவையும் பிறகு மாதம் ஒரு தடவையும் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலை ஒட்டிய ஊர்களில் துரு முதலில் பிடிப்பது போல்ட் மரையிலும் குழாய் வெல்டிங் மூலையிலும். மாட்டும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸோ வாசலினோ தடவினால் பின்னால் கழற்ற வரும். வெயில் படும் வராந்தாவில் இந்த கேட்டை வைக்காதீர்கள். பூட்டின் பிளாஸ்டிக் பகுதிதான் முதலில் வெடிக்கும்.

படியடியில் மாட்டுவதைப் பரவாயில்லை என்று மட்டும் சொன்னதற்குக் காரணம், நம் கைப்பிடிகள். ஒரு பக்கம் சுவர் இருக்கும். மறுபக்கம் இரண்டு அங்குல வட்ட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பம். வட்டக் குழாயில் ரப்பர் அடி உட்காராது. அந்தக் கம்பமோ கிரானைட் படியில் இரண்டு மூன்று திருகாணியில் நிற்கிறது. பக்கவாட்டில் அழுத்தினால் அடி ஆட்டம் காணும். கைப்பிடி கெட்டால் கேட் விலையைவிடச் செலவு அதிகம். சதுர மரக்கட்டை ஒன்றைக் கம்பத்தோடு இரண்டு யூ கிளாம்ப் போட்டுப் பிடித்து, அதில் கேட்டை அழுத்தலாம். கம்பம் ஏற்கெனவே ஆடுகிறதென்றால் அதையும் செய்யாதீர்கள். முடிந்தால் படிக்குப் போகும் அறையின் வாசலில் மாட்டிவிடுங்கள். வேலை சுலபம், பிடிப்பும் நல்லது.

உச்சிக்கு நம் ஊர் எஸ்.எஸ். வேலைக்காரரிடம் ஒரு கதவு செய்து வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். சொல்ல வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கம்பிகள் நெடுக்காக மட்டும் இருக்க வேண்டும். நடுவில் குறுக்குக் கம்பி வைத்தால் பிள்ளைக்கு அது ஏணி. கம்பிக்குக் கம்பி இடைவெளி 5 செ.மீ., கீழ் இடைவெளியும் அதற்கு மேல் வேண்டாம். உயரம் 80 செ.மீ. கீல், சுவர்ப் பக்கம். மாடித் தளத்தின் பக்கம் மட்டுமே திறக்க வேண்டும், படிப் பக்கம் போகாமல் ஒரு தடுப்பு வேண்டும். தாழ்ப்பாள் பிள்ளையின் கை எட்டாத பக்கம். வெல்டிங் கறுத்த இடத்தை பஃபிங் போட்டு மின்ன வைக்கச் சொல்லுங்கள். விட்டால் அங்கேதான் துருப்பிடிக்கும். ஸ்டீல் 304 கிரேடு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவார்கள். விலை குறைந்த 202-லும் காந்தம் பொதுவாக ஒட்டாது. கடலோரத்தில் 316 நின்று உழைக்கும், விலையும் அதிகம். சுவர் ஹாலோ பிளாக் என்றால் சாதாரணப் பிளாஸ்டிக் பிளக் உள்ளே சுழலும், பிடிக்காது. பிளாக்கின் உள் குழியைத் துளை வழியாகக் கலவையால் நிரப்பி, அது இறுகிய பிறகே கீலை மாட்டச் சொல்லுங்கள்.

பாட்டியும் பாட்டாவும் இருக்கும் வீட்டில், வாசலில் மாட்டிய கேட்டின் அடிக்குழாயும் ஆபத்துதான். இரவில் கரண்ட் போனால் கண்ணுக்குத் தெரியாது. ரேடியம் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டுங்கள். அவர்கள் அடிக்கடி போய்வருகிற பாத்ரூம் வழியில் இந்த வகை கேட் வேண்டாம்.

விரித்து மடக்கும் குறுக்குப் பட்டை கேட்டை, விலை மலிவு என்று வாங்காதீர்கள். பட்டைகள் சந்திக்கிற ‘வி’ இடைவெளியில் பிள்ளையின் கழுத்து சிக்கும்.

எவ்வளவு காலம் உதவும்? ஐரோப்பியத் தரமான ஈஎன் 1930 இந்த கேட்டை 24 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு என்றுதான் வகுத்திருக்கிறது. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி இரண்டு வயதில் சராசரி உயரம் ஆண் குழந்தைக்கு 87 செ.மீ., பெண் குழந்தைக்கு 86. 90 செ.மீ. தாண்டிய பிள்ளைக்கு 76 செ.மீ. கேட் ஏறிக் குதிக்கும் உயரம். ஒரு காலைத் தூக்கி மேல் கம்பியில் போடப் பார்த்தாலே, வயது எதுவானாலும், அன்றே கழற்றிவிடுங்கள். ஏறி விழுவது படியில் உருள்வதைவிட மோசம். பின்பக்கமாகத் திரும்பி, வயிற்றைப் படியில் வைத்து இறங்க அதற்குள் பழக்கியிருக்க வேண்டும்.

முற்றத்தில் கிணறு இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. இந்த கேட்டை வாங்குவதற்கு முன்னால், கிணற்று வாய்க்குப் பூட்டு வைத்த இரும்பு வலை மூடியைச் செய்து போடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், அது கிணற்றுக்குத்தான்.