ஈஆர் 32 கொலெட் பெட்டி: அரிசி ஆலை வேலைக்குப் போதுமா?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கிய இந்தச் சீனத் தயாரிப்புப் பெட்டியில் ஐஎஸ்ஓ 40 கூம்புள்ள ஈஆர் 32 கொலெட் சக் (மெஷினில் கட்டரைப் பிடிக்கும் தலை) ஒன்றும், 3 முதல் 20 மில்லிமீற்றர் வரையான 18 கொலெட்டுகளும் (கட்டரின் தண்டைச் சுற்றி இறுகும் பிளவுபட்ட குழல்கள்), ஒரு ஸ்பேனரும் இருக்கின்றன. கல்முனையிலுள்ள எமது பட்டறையின் பழைய மில்லிங் மெஷினில் கடந்த பெரும்போக அறுவடைக் காலம் முழுவதும் பாவித்த பின்னரே இதை எழுதுகிறேன். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளின் சாஃப்ட்டுகளுக்குக் கீவே (கீ எனும் ஆப்பு அமரும் நீள்பள்ளம்) வெட்டுவதே அந்த மெஷினின் முக்கிய வேலை. அறுவடை தொடங்கிவிட்டால் எந்த ஆலைக்காரரும் ஒரு பகலைக்கூட இழக்கச் சம்மதிப்பதில்லை. ஆகவே கட்டரை இது ஒழுங்காகப் பிடிக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். விலையைப் பிறகுதான் பார்த்தேன்.

முன்னர் எம்மிடம் இருந்தது, பக்கவாட்டுத் திருகாணியால் கட்டரின் தண்டை இறுக்கும் ஹோல்டர். திருகாணி ஒரு பக்கமாகத் தள்ளும்போது, துளைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி முழுவதும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுவதால், கட்டர் அச்சை விட்டு விலகியே சுழலும். 28 மில்லிமீற்றர் சாஃப்ட்டுக்கு நியமப்படி 8 மில்லிமீற்றர் அகலமான கீ பொருந்தும். சாதாரணப் பொருத்தத்தில் அதன் கீவே என்9 என்ற நியம அளவெல்லைக்குள், அதாவது 7.964 முதல் 8.000 வரை அமைய வேண்டும். கீவே கட்டர்கள் அளவுக்குச் சற்றுக் குறைவாகவே தயாரிக்கப்படுவதால் சிறிய ரன்அவுட்டை (சுழலும்போது அச்சை விட்டு விலகும் அளவை) அவை தாங்கிக்கொள்ளும். ஆனால் ரன்அவுட் 0.05 ஆகிவிட்டால் கீவே எல்லையைத் தாண்டி அகன்றுவிடும். எலிவேட்டரின் கப்பி (புல்லி) சிறிது காலம் ஓடியதும், “தம்பி, கீ ஆடுது” என்று ஆலைக்காரர் அதே சாஃப்ட்டுடன் வந்து நிற்பார்.

டயல் கேஜ் (நுண்ணிய விலகலை ஊசியால் காட்டும் கருவி) வைத்துப் பார்த்ததில் சக் என்னை வியக்கவைத்தது. அதன் உட்கூம்பில் ஊசி 0.01 மில்லிமீற்றருக்குள் நின்றது. இந்த விலைக்கு அதை நான் எதிர்பார்க்கவில்லை. 8, 10, 12, 16 அளவுக் கொலெட்டுகளில் அளவுப் பின்னைப் பிடித்து, முகப்பிலிருந்து 30 மில்லிமீற்றர் தள்ளி அளந்தபோது 0.02 அளவில் காட்டியது. 4 மில்லிமீற்றர் கொலெட்டோ 0.05ஐத் தாண்டிவிட்டது. நன்றாகத் துடைத்து மாட்டியும் மாற்றமில்லை. கொலெட்டை மட்டும் சக்குக்குள் அரைச்சுற்றுத் திருப்பி மாட்டியபோது, ஊசி உயரும் இடமும் கொலெட்டுடன் சேர்ந்து மறுபக்கம் போயிற்று. ஆகவே பிழை கொலெட்டில்தான், சக்கில் அல்ல.

பெட்டியில் வழிகாட்டித் தாள் எதுவும் இல்லாதது பெரிய குறை. நட்டின் உள்ளே மையம் விலகிய வளையம் ஒன்று இருக்கிறது. கொலெட்டைச் சற்றுச் சரித்து, அந்த வளையம் கொலெட்டின் பள்ளத்தில் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்திய பின்னரே நட்டைச் சக்கில் பூட்ட வேண்டும். கொலெட்டை முதலில் கூம்புக்குள் போட்டுவிட்டு மேலிருந்து நட்டை இறுக்கினால் அது கோணலாக அமர்வதோடு, கழற்றும்போது வெளியே வரவும் மறுக்கும். ஒவ்வொரு கொலெட்டும் ஒரு மில்லிமீற்றர் வரை சுருங்கக்கூடியதாயினும், தண்டின் அளவுக்கே உரிய கொலெட்டில் பிடிக்கும்போதுதான் பிடி முழுமையாக இருக்கும். கொடுத்திருக்கும் ஸ்பேனர் குட்டையானது; ஈஆர் 32 நட்டு 100 நியூட்டன் மீற்றருக்கு மேல் இறுக்கப்பட வேண்டியது என்பதால், நீளமானது ஒன்றைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த அமைப்பை 1970களில் உருவாக்கியது சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம். பின்னர் அது டிஐஎன் 6499, ஐஎஸ்ஓ 15488 என நியமமாகிவிட்டதால் இன்று யாரும் தயாரிக்கலாம். சுவிஸ் கொலெட்டுகள் இரண்டு மூன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் இந்தப் பெட்டியே கைக்கு வந்துவிடும். மேல்நாட்டு ஹோல்டர்களின் விலையில் உருக்கின் தரமும் கிரைண்டிங்கின் நுண்மையும் மட்டுமல்ல, நீண்டகால ஆய்வும் அடங்கியிருக்கிறது. அதிவேக மெஷின்களுக்கான எச்எஸ்கே கூம்பு, 1980களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் தயாரிப்பு நிறுவனங்களும் கூடி உழைத்து உருவாக்கியது. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2001இல் போயிங்குடன் தொடங்கிய ஆய்வு மையத்தைச் சூழ்ந்தும், நிறுவனங்களின் நிதியுதவியுடன் கலாநிதிப் பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஹோல்டரில் பூட்டிய கட்டரின் நுனியைச் சிறு சுத்தியலால் தட்டி, அதன் அதிர்வை அளந்து, எந்த வேகத்தில் எவ்வளவு ஆழம் வெட்டினால் சட்டர் (வெட்டும்போது எழும் அதிர்வு) எழாது என்று முன்கூட்டியே கணிப்பது இத்துறை ஆய்வுகளின் வழக்கமான முறை. நாங்கள் அதைச் சத்தத்தைக் கேட்டுத்தான் அறிகிறோம். ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கிறது, சுற்றிலும் ஆலைகள் இருக்கின்றன. ஆலை உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு மாணவரின் ஆய்வுக்குப் பணம் கட்டுவார்களானால், கீவே தேய்வு என்ற தலைப்பை நானே எழுதிக் கொடுப்பேன்.

சட்டரைப் பொறுத்தவரை இந்தச் சக்கின் பருமனே பாதகம். நட்டின் வெளிவிட்டம் 50 மில்லிமீற்றர். சாஃப்ட்டின் படி விளிம்பை ஒட்டிக் கீவே வெட்டும்போது நட்டு அதில் முட்டுவதால், கட்டரை வெளியே நீட்டித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீட்டம் 40இலிருந்து 80 மில்லிமீற்றராக இரட்டித்தால் அதே விசைக்குக் கட்டர் எட்டு மடங்கு வளையும். அவ்வாறான இடங்களில் ஆழத்தைக் குறைத்துப் பல தடவையாக வெட்டுகிறோம்; நேரம் கூடுகிறது.

கடற்காற்றில் கறுப்புப் பூச்சு நிற்கவில்லை. மாரியில் ஓரிரு நாள் எண்ணெய் பூசாமல் விட்டாலே நட்டின் மரையில் துரு தெரிகிறது.

கீவேயும் 8 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட எண்ட் மில் வேலையும் செய்யும் பட்டறைகள் தயங்காமல் வாங்கலாம். 3 முதல் 6 வரையான அளவுகளில் கார்பைட் ட்ரில் பாவிப்பவர்கள் அந்த நான்கு கொலெட்டுகளை மட்டும் உயர்தரத்தில் தனியே வாங்கிக்கொள்வதே இலாபம். ரன்அவுட் உள்ள கொலெட்டில் பிடித்த மெல்லிய கார்பைட் ட்ரில் வளைந்து கொடுக்காது, முறிந்துவிடும்.