தினம் இருபது நிமிடம்: காரைக்குடியில் ஒரு கிட்டார் வகுப்பு பற்றிய மதிப்புரை

பிள்ளையைக் கிட்டார் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் கட்டணத்திற்கு அடுத்தபடியாகக் கேட்பது, வீட்டில் தினம் எவ்வளவு நேரம் வாசிக்க வேண்டும் என்பதைத்தான். காரைக்குடி செக்காலைப் பக்கம் பழைய வீடு ஒன்றின் முகப்பில் நடக்கும் வகுப்பில் பதினொரு வயதான என் மகள் ஓராண்டுக்கும் மேலாகப் பயின்று வருகிறாள். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வகுப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அங்கே கற்றுத் தரும் பாடல்கள் வேறு எங்கும் கிடைக்கக்கூடியவை. பயிற்சி நேரத்தை வகுத்துக் கொடுத்திருக்கும் முறைக்காகத்தான் அந்த வகுப்பைப் பற்றி எழுதத் தோன்றியது.

முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர்களுடைய விதி. விரும்பினால் காலையில் பத்து, மாலையில் பத்து என்று பிரித்துக்கொள்ளலாம். சேர்க்கை நாளில் ஒரு தந்தை, "சார், கட்டுற பணத்துக்குப் பதினஞ்சு நிமிஷந்தானா?" என்று கேட்டதற்கு ஆசிரியர், "அண்ணே, அந்தப் பதினஞ்சு நிமிஷத்தை ஒரு நாளும் விடாம வாசிக்கச் சொல்லுங்க, மத்ததைப் பிறகு பேசுவோம்" என்று முடித்துவிட்டார். இதைச் சோம்பேறித்தனமாகச் சிலர் நினைக்கலாம். ஆனால் காரணம் விரல் நுனியில் இருக்கிறது. சாதாரண எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையில் நிற்கின்றன. நைலான் கம்பிக் கிட்டாரில் அது 40 கிலோ அளவுதான். மென்மையான விரல் நுனி காய்த்துக் கெட்டிப்படச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் அழுத்தி வாசிக்கும் பிள்ளைக்குக் கொப்புளம் எழும்பும், அடுத்த சில நாட்களுக்குக் கிட்டாரின் பக்கமே வராது.

அந்த இருபது நிமிடத்திற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்கள் ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பதுதான் நான் மிகவும் மதிக்கும் அம்சம். முதலில் கம்பிகளைச் சுருதி சேர்த்துவிட்டு, நான்கு விரல்களையும் அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்டுகளில் (கிட்டார் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கட்டைகள்) நடத்தும் பயிற்சியை, சீரான தட்டுகளால் வேகம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்திற்கு 60 தட்டு வேகத்தில் செய்ய வேண்டும். பிறகு வருவது கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடியின் மாற்றம்: சி மேஜரிலிருந்து ஜி மேஜருக்கும் திரும்பச் சி மேஜருக்குமாக ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணி நோட்டில் குறிக்க வேண்டும். தொடக்கத்தில் பத்தைத் தொடுவதே பெரும்பாடு. முப்பதை எட்டிய பிறகுதான் அந்த இரண்டு கார்டுகளும் உள்ள பாடலைக் கையில் தருகிறார்கள். ஒரே விரலைப் படுக்கவைத்துக் கம்பிகள் எல்லாவற்றையும் அழுத்த வேண்டிய, கற்றுக்கொள்பவர்களை அழவைக்கும் எஃப் பாரே கார்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம்தான் அனுமதி. கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீதியுள்ள நேரத்தில் பாடலில் இடறுகிற இடத்தை மட்டும் மெதுவாகத் திருப்பித் திருப்பி வாசித்துவிட்டு, கடைசியில் பிள்ளைக்குப் பிடித்ததை வாசித்துக்கொள்ளலாம்.

கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், சாதகம் செய்து பழகிய வீடுகளுக்கு இந்த முறை புதிதல்ல. முதல் காலம் சுத்தமாக வராமல் இரண்டாம் காலத்திற்குப் போகக்கூடாது என்பதை இங்கே மெட்ரோனோம் எண்ணாகச் சொல்கிறார்கள். வீணையில் காரைக்குடி சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் ஆகியோரின் ஊரில் இருந்துகொண்டு இருபது நிமிடம் என்று சொன்னால், தந்தி வாத்தியம் என்றால் மணிக்கணக்கில் சாதகம் வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்பத்தா கேட்டார். 1952-இல் சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற சாம்பசிவ ஐயரைப் போல இசையையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு உரிய அளவை, பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து ஆறரை மணிக்கு உட்காரும் பிள்ளைக்கு வைப்பது பொருத்தமில்லை என்பதே என் எண்ணம். ஒரு துறையில் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் கணக்கிற்கு மூலமான ஆய்வை உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்ஸன் குழுவினர் 1993-இல் வெளியிட்டார்கள். பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களைப் பற்றிய அந்த ஆய்விலும், சிறந்து விளங்கியவர்கள் பயிற்சியை ஒரே மூச்சில் செய்யாமல் பிரித்துக்கொண்டு, இடையில் ஓய்வும் பகல் தூக்கமும் எடுத்தவர்களாகவே இருந்தார்கள். மணிக்கணக்கு பரவிய அளவுக்கு அந்தச் செய்தி பரவவில்லை.

இனி குறைகள். முதல் மூன்று மாதங்களுக்கு என்று சொல்லப்படும் இந்த விதி முதல் ஆண்டு முழுவதற்கும் சரிதான், ஆனால் அதற்குப் பிறகும் அவர்கள் அதைத் தளர்த்துவதில்லை. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் படிநிலை (கிரேடு) இசைத் தேர்வுக்குத் தயாராகும் மூத்த மாணவர்களுக்கும் அதே இருபது நிமிட நோட்டுதான். விரல் காய்த்து, கார்டுகள் படிந்த பிறகு நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு அமர்வுகளாகப் பயில்வது தேவைப்படும் என்று நினைக்கிறேன். தேர்வுப் பாடங்களும் ஸ்கேல்களும் (சுர வரிசைப் பயிற்சிகள்) இருபது நிமிடத்தில் அடங்காது. ஒரு வேளைக்கு எட்டுப் பிள்ளைகள் என்பதால், சனிக்கிழமை நோட்டைப் பார்ப்பதும் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. எண்கள் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்பதை என் மகள் தானாகச் சொன்ன பிறகே கவனித்தார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் பார்க்க அழகுதான், ஆனால் எட்டுக் கிட்டார்கள் ஒன்றாக ஒலிக்கும்போது அந்த முகப்பில் எழும் எதிரொலியில் தன் கம்பி தனக்கே கேட்பதில்லை. கனத்த ஜமுக்காளம் விரித்து, சுவரில் திரை தொங்கவிட்டாலே ஓரளவு சரியாகும்.

கிட்டாரை அவர்கள் மூலமாகவே வாங்கச் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லாத விஷயம். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும்; எங்களுக்கு வந்த கிட்டாரில் நான்குக்கு மேல் இருந்தது. அப்படிப்பட்ட கிட்டாரில் பத்து நிமிடம் வாசிப்பது நல்ல கிட்டாரில் அரை மணி நேரம் வாசிப்பதைவிட வலி தரும். மதுரையில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துக் கம்பி உயரத்தைக் குறைத்த பிறகுதான் பயிற்சி நேரம் அழுகையின்றிக் கழிந்தது. சேர்பவர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தால் முக்கால் அளவு நைலான் கம்பிக் கிட்டாரை வெளியில் பார்த்து வாங்குவது நல்லது. வகுப்பில் அதை மறுப்பதில்லை, முகம் சற்று மாறும், அவ்வளவுதான்.

மாதக் கட்டணம் 1,200 ரூபாய். சனி, ஞாயிறு காலைகளில் ஒரு மணி நேரம். புதிதாகத் தொடங்கும் எட்டு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்கு முதல் ஆண்டில் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டாம் ஆண்டுக்குத் தொடர்வதாக இருந்தால், பயிற்சித் திட்டத்தைத் தனியாக எழுதித் தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது உத்தமம். இடது கையால் வாசிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே கிட்டார் இல்லை. சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும்.