சார்ட்டின் அச்சில் கோடியும் லட்சமும்: எந்தக் கருவி சொன்னபடி கேட்கிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து நான்கு எண்களை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு 7,21,47,030. கேரளம் 3,34,06,061. கர்நாடகம் 6,10,95,297. அப்போது பிரியாமல் இருந்த ஆந்திரம் 8,45,80,777. எந்த அமைப்பையும் தொடாமல் இதற்கு ஒரு பார் சார்ட் போட்டால், பைத்தானில் சார்ட் வரையும் மேட்பிளாட்லிப் லைப்ரரி அச்சில் 0 முதல் 8 வரை எழுதிவிட்டு மேலே சின்னதாக ‘1ஈ7’ (ஒரு கோடியால் பெருக்கிக்கொள் என்று பொருள்) என்று வைக்கும். ஊடாடும் சார்ட்டுக்கான பிளாட்லி ‘80எம்’ (80 மில்லியன்) என்று காட்டும். எக்செல் 90000000 என்று காற்புள்ளியே இல்லாமல் நீட்டும். வலைப்பக்கத்துக்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி சார்ட்.ஜேஎஸ்ஸில் பார்ப்பவரின் பிரவுசர் மொழியைப் பொறுத்து 80,000,000 என்றோ 8,00,00,000 என்றோ வரும். கணக்குப்படி எதுவும் தப்பில்லை. ஆனால் நம் ஊர் வாசகர் ஒரே பார்வையில் படிக்க விரும்புவது ‘8 கோடி’.

இதை அதிகம் வளைத்துக் கொடுப்பது மேட்பிளாட்லிப்தான், அதிகம் குழப்புவதும் அதுதான். அந்த ‘1ஈ7’ஐ எடுக்க, அச்சு எண்களின் வடிவை அமைக்கும் டிக்லேபிள்ஃபார்மேட்டில் ‘பிளெயின்’ என்று கொடுத்தால் போதும். ஆனால் மதிப்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தால், பொதுவான பகுதியைக் கழித்து மூலையில் கூட்டல் குறியோடு எழுதும் பழக்கமும் அதற்கு உண்டு. அதை நிறுத்த யூஸ்ஆஃப்செட்டைத் தனியாக அணைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பலரும் ‘பிளெயின் போட்டும் போகவில்லை’ என்று தவிக்கிறார்கள்.

கோடிக்கு நேர்வழி, மதிப்பை 1 கோடியால் வகுத்துச் சொல்லைச் சேர்க்கும் ஒரு ஃபங்ஷனை, அச்சு எண்ணை எழுத்தாக்கும் ஃபார்மேட்டராகக் கொடுப்பது. 3.3 பதிப்பிலிருந்து ஃபங்ஷனை அப்படியே கொடுக்கலாம். வரிசை மட்டும் முக்கியம்: ஃபார்மேட்டரைப் போட்ட பிறகு அச்சை லாக் (மடக்கை) அளவுக்கு மாற்றினால், போட்டது போய்விடும். முதலில் அளவு, அப்புறம் ஃபார்மேட்டர்.

8,00,00,000 என்று முழு எண்ணே வேண்டுமென்றால், பைத்தானின் காற்புள்ளி ஃபார்மேட் உதவாது. அது மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். நாடு, மொழிக்கேற்ற எழுத்து முறையைத் தரும் லொகேல் மாட்யூல் இந்திய முறையில் பிரிக்கும், ஆனால் அந்த லொகேல் கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். சொந்த லேப்டாப்பில் ஓடியது நிரலைத் தேவையானதோடு மட்டும் கட்டி வைக்கும் ஒல்லியான டாக்கர் இமேஜில் பிழை காட்டுவது இதனால்தான். பேபல் லைப்ரரி தன் தரவைத் தானே வைத்திருப்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: செட்டிக்லேபிள்ஸில் எழுத்துகளைக் கையால் நிரப்புவது. எழுத்து அச்சுக் குறிகளின் வரிசை எண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மதிப்போடு அல்ல. பெரிதாக்கிப் பார்த்தாலோ புதுத் தரவு வந்தாலோ 4 கோடி உயரத்தில் ‘6 கோடி’ என்று நிற்கும், யாருக்கும் தெரியாது. அசிங்கமான அச்சைவிடப் பொய் சொல்லும் அச்சு மோசம்.

பிளாட்லியில் இந்தச் சுதந்திரம் கிடையாது. டிக்ஃபார்மேட் என்பது டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ஃபார்மேட் குறியீடு. பைத்தான் ஃபங்ஷனை அங்கே கொடுக்க முடியாது. டிக்வால்ஸ் (மதிப்புகள்), டிக்டெக்ஸ்ட் (எழுத்துகள்) இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எழுத்து மதிப்போடு ஒட்டியிருக்கும், ஆனால் பெரிதாக்கும்போது நடுவில் புதுக் கோடுகள் வராது. அதனால் இங்கே மட்டும் தரவையே கோடியால் வகுத்து, டிக்சஃபிக்ஸில் ‘ கோடி’ என்று சேர்ப்பது நல்லது. துல்லியமான எண் ஹோவரில் வரட்டும். அப்படி வகுத்த தரவுக்கு, எண்ணை எழுத்தால் சுருக்கும் டி3யின் எஸ்ஐ முறையைப் பயன்படுத்தினால் 0.5 என்பது ‘500எம்’ ஆகிவிடும், இங்கே ‘மில்லி’க்கான சின்ன எம். மில்லியனுக்கான பெரிய எம்மோடு பார்ப்பவர் குழம்பாமல் இருக்க முடியாது.

வலைப்பக்கத்துக்கு என் தேர்வு சார்ட்.ஜேஎஸ். லொகேலில் இந்திய ஆங்கிலத்தையோ தமிழையோ வெளிப்படையாகக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பிரியும். கோடி என்று எழுத டிக்ஸ் கால்பேக் போதும். டூல்டிப்புக்கு அதே ஃபங்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும், அச்சில் செய்தது அங்கே போகாது. இணையத்தில் கிடைக்கும் பழைய நிரல் துண்டுகளில் ஒய்ஆக்சஸ் என்று வரிசையாக இருந்தால், 3ஆம் பதிப்புக்குப் பிறகு அவை வேலை செய்யாது. ஆண்டுகளை எண்ணாகக் கொடுத்தால் ‘2,011’ என்று வரும். காற்புள்ளி போடும் யூஸ்குரூப்பிங்கை அணைத்தால் சரி.

எக்செல்லில் இந்தியக் காற்புள்ளிக்கு நிபந்தனை போட்ட ஃபார்மேட் பரவலாகப் புழங்குகிறது. அதில் இரண்டு நிபந்தனைக்குத்தான் இடம் என்பதால், மைனஸ் எண்கள் மூன்றாவது பகுதிக்குப் போய் மறுபடி மூன்று மூன்றாகப் பிரியும். நட்டக் கணக்குக்கு இது ஆகாது. அதைவிட, பைத்தானிலிருந்து எக்செல் கோப்பு எழுதும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரின் டிஸ்ப்ளே யூனிட்ஸில் ‘டென் மில்லியன்ஸ்’ கொடுங்கள்: அதுதான் நம் கோடி. ‘ஹண்ட்ரட் தௌசண்ட்ஸ்’ லட்சம். எக்செல் தானாக வைக்கும் அலகுக் குறிப்பை மறைத்து, அச்சின் தலைப்பில் ‘கோடியில்’ என்று எழுதிவிடலாம். எக்செல் கோப்புக்கான இன்னொரு பைத்தான் லைப்ரரி ஓப்பன்பைஎக்செல்லின் 3.1 பதிப்பில் அச்சே காணோம் என்றால் ஃபார்மேட்டைக் குடைய வேண்டாம். அச்சின் டெலீட் பண்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், எண்கள் வந்துவிடும்.