'7.1 சரவுண்ட்' ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் பிளக்கைப் பாருங்கள்

தம்பி வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டை ஆட ஒரு வயர் ஹெட்செட் கேட்டான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 1,800 ரூபாய்க்கு வாங்கினோம். பெட்டியில் '7.1 சரவுண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதாவது ஒலி எட்டு சேனலாகப் பிரிந்து நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருந்து வருவது போலக் கேட்குமாம். "யூஎஸ்பி பிளக் இருக்கு பாருங்க சார், அதுலதான் 7.1 வரும்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார்.

பச்சைப் பொய். வீட்டில் யூஎஸ்பியைச் செருகினால் காதுப் பக்கம் கலர் விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். கணினியின் சவுண்ட் செட்டிங்ஸில் புதிதாக எதுவுமே வரவில்லை. விளக்குக்குக் கரண்ட் எடுக்க மட்டும்தான் அந்த யூஎஸ்பி. ஒலி முழுக்க 3.5 மி.மீ. பிளக் வழியாக வருகிறது. அதில் இருப்பது இடது, வலது, மைக், கிரவுண்ட் என்று நாலே இணைப்பு. எட்டு சேனல் அதில் போக வழியே இல்லை. யூஎஸ்பியில் சரவுண்ட் தரும் ஹெட்செட் என்றால் உள்ளே சவுண்ட் சிப் இருக்கும், செருகியதும் கணினி அதைத் தனி ஆடியோ டிவைஸாகக் காட்டும். கடையில் ஒரு லேப்டாப்பில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

உண்மையில் இந்த 7.1 இல்லாமலே ஆடலாம். வாலரண்டிலேயே எச்ஆர்டிஎஃப் என்று, சத்தம் வரும் திசையைக் காதுக்கு உணர்த்தும் செட்டிங் இருக்கிறது. நல்ல ஸ்டீரியோ ஹெட்செட்டில் அதைப் போட்டாலே காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிபடும். இதில் அதுவும் நடக்கவில்லை. பாஸ் எனும் கனத்த 'தும் தும்' ஒலி மட்டும் ஊதிப் பெருத்து, காலடி அதற்குள் அமுங்கிவிடுகிறது.

போட்டுக்கொள்வது அதைவிடக் கொடுமை. 'ஓவர் இயர்' என்று விற்கிறார்கள், ஆனால் குஷனின் உள்வட்டம் காதைவிடச் சின்னது. பஞ்சு மெலிசு, காது மடல் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் இடிக்கிறது. தம்பி கண்ணாடி போடுகிறவன். இறுக்கத்தில் கண்ணாடிக் கம்பி பொட்டில் அழுந்தி, ஒரு மேட்ச் முடிவதற்குள் தலைவலி என்று கழற்றிவிட்டான். சென்னை வெக்கையில் ரெக்ஸின் குஷன் வேறு வியர்த்து ஒட்டுகிறது. தலையில் மாட்டி ஒரு பத்து நிமிஷமாவது கடையிலேயே இருந்து பாருங்கள், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு.

திருப்பிக் கொடுக்கப் போனால், "பெட்டி பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வயிறு எரிந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் வரை நமக்கு உரிமை உண்டு. ஆகவே பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். 200 ரூபாய் குறைக்கிறேன் என்றாலும் வேண்டாம். பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள், அந்த '7.1' எழுத்துதான் சாட்சி.

பில், பெட்டி இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடை இன்னும் பதில் தரவில்லை. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.