ரெஸ்யூம்ல ஸ்கில்ஸ்: லிஸ்ட்டா போடுறதா, செஞ்ச வேலையோட சொல்றதா?

ஊட்டி, குன்னூர் பக்கம் டிகிரி முடிச்சு முதல் ரெஸ்யூம் போடுற பசங்க முக்காவாசி பேர் பண்றது ஒண்ணுதான், எம்எஸ் ஆபீஸ், டேலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்), கம்யூனிகேஷன், டீம் ஒர்க்னு வரிசையா அடுக்கிடுவாங்க. சுத்த வேஸ்ட்னு சொல்ல மாட்டேன். நவுக்ரி மாதிரி வேலை தேடுற சைட்ல கம்பெனிக்காரங்க வார்த்தையை அடிச்சுதான் தேடுறாங்க, டேலின்னு எழுதலைன்னா கண்ணுலயே பட மாட்டீங்க.

ஆனா டீ ஃபேக்டரி ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலைக்குன்னா படிக்கிறது ஒரு மனுஷன். 'எக்செல் தெரியும்'னா அவருக்கு ஒண்ணும் புரியாது. 'லீவுல பச்சைத் தேயிலை எடை போடுற இடத்துல வேலை பாத்தேன், எந்த விவசாயி தினம் எத்தனை கிலோ போட்டாருன்னு எக்செல்ல ஏத்தி மாசக் கடைசில பட்டுவாடா கணக்கு எடுத்துக் கொடுத்தேன்'னு இருந்தா மேல படிப்பாரு. மே சீசன்ல லாட்ஜ் ரிசப்ஷன்ல நின்னு, ரூம் கிடைக்கலைன்னு கத்துற கஸ்டமரை சமாளிச்சவங்க அதை விட்டுட்டு 'குட் கம்யூனிகேஷன்'னு எழுதுறாங்க பாருங்க, அது என்ன கணக்கோ!

டைப்ரைட்டிங் மட்டும் விதிவிலக்கு. கவர்ன்மென்ட் டைப்ரைட்டிங் பரீட்சைல இங்கிலீஷ் ஹையர் பாஸ்னா நிமிஷத்துக்கு 45 வார்த்தை, அதுவே போதும்.

என் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான். மேல நாலஞ்சு ஸ்கில் மட்டும் வேலை விளம்பரத்துல இருக்குற அதே வார்த்தைல போட்டுட்டு, கீழ ஒவ்வொண்ணையும் எங்க செஞ்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க, எழுத வரலையா, அந்த ஸ்கில்லைத் தூக்கிடுங்க. வீட்ல படுக மொழி பேசுறவங்க அதையும் மொழிகள்ல சேத்துக்கோங்க, விவசாயிங்ககிட்ட பேசுற வேலைக்கு இங்க அது பெரிய பிளஸ்.